ரத்த வகை பொருந்தவில்லை என்றால் சந்தேகப்படலாமா? ஓங்கு, ஒடுங்கு விதிக்கு அப்பால் உள்ள மரபியல்

தாய்க்கும் தந்தைக்கும் 'ஓ' வகை ரத்தம். பிறந்த குழந்தைக்கு 'ஏ' வகை. பள்ளியில் படித்த விதிப்படி இது நடக்கவே முடியாது. ஆய்வகச் சீட்டில் இப்படி ஒரு முடிவு வந்தால், குடும்பத்தில் முதலில் சந்தேகத்துக்கு ஆளாகிறவள் தாய்தான். பரிசோதனையில் பிழை நேர்ந்திருக்கலாம். அதைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும். ஆனால் பரிசோதனையும் சரியாக இருந்து, பெற்றோரும் அவர்களேயாக இருந்து, இப்படி ஒரு குழந்தை பிறக்க மரபியலில் இடம் உண்டு. அதற்கான காரணங்களில் ஒன்று 1952ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் கண்டறியப்பட்டது.

அந்தக் காரணத்தைப் புரிந்துகொள்ள, பள்ளிப் பாடம் எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்று பார்க்க வேண்டும்.

பாடம் சொல்வது

நம் உடலின் பெரும்பாலான மரபணுக்கள் இரண்டு பிரதிகளாக இருக்கின்றன. ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வருகிறது. ஒரே மரபணு சிறு மாறுதல்களோடு பல வடிவங்களில் இருக்கலாம். அந்த வடிவம் ஒவ்வொன்றையும் அல்லீல் என்கிறோம். ஒருவரிடம் உள்ள இரண்டு பிரதிகளும் ஒரே அல்லீலாக இருந்தால் அதை ஒத்த இணை என்றும், வெவ்வேறாக இருந்தால் கலப்பு இணை என்றும் இந்தக் கட்டுரையில் குறிப்பிடுகிறேன்.

இன்றைய செக் குடியரசில் உள்ள புருனோ நகரின் மடாலயத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்த கிரிகோர் மெண்டல், 1866இல் வெளியான கட்டுரையில் ஏழு பண்புகளை ஆராய்ந்திருந்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தால், முதல் தலைமுறையில் எல்லாம் உருண்டை. அவற்றைத் தம்முள் கலந்தால், அடுத்த தலைமுறையில் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சுருக்கம் திரும்பி வருகிறது. கலப்பு இணையில் வெளிப்படும் பண்பு ஓங்கு பண்பு. மறைந்திருப்பது ஒடுங்கு பண்பு.

இதில் எதுவும் தவறில்லை. ஆனால் இதைப் படித்தவர்கள், ஓங்கு அல்லீல் வலிமையானது, ஒடுங்கு அல்லீலை அது அடக்கிவைக்கிறது என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஓங்குவதும் ஒடுங்குவதும் மரபணுவின் குணங்கள் அல்ல. நாம் எந்தப் பண்பை, எந்த அளவுக்கு நெருங்கிப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தே அந்தப் பெயர் அமைகிறது. இதற்கு மெண்டலின் பட்டாணியே சாட்சி.

சுருங்கிய பட்டாணிக்குள் என்ன இருக்கிறது

விதை சுருங்கும் காரணம் 1990இல் மூலக்கூறு அளவில் தெரியவந்தது. ஸ்டார்ச்சைக் கிளைகளாக விரியவைக்கும் ஒரு நொதியை உருவாக்கும் மரபணுவில், ஏறத்தாழ 800 எழுத்துகள் நீளமுள்ள ஒரு டிஎன்ஏ துண்டு இடையில் புகுந்து அதைக் கெடுத்திருக்கிறது. நொதி இல்லாததால் ஸ்டார்ச் குறைகிறது, சர்க்கரை தேங்குகிறது, வளரும் விதை அதிக நீரை உறிஞ்சுகிறது. முற்றிக் காயும்போது அந்த நீர் வெளியேற, தோல் சுருங்கிவிடுகிறது.

கலப்பு இணை உள்ள விதையில் ஒரு பிரதி மட்டும் வேலை செய்கிறது. விதையை உருண்டையாக வைத்திருக்க அது போதும். ஆகவே கண்ணுக்கு உருண்டை முழுமையான ஓங்கு பண்பு. அதே விதையை வெட்டி நுண்ணோக்கியில் ஸ்டார்ச் மணிகளைப் பாருங்கள்: அவை இரண்டு வகைக்கும் இடைப்பட்டவையாக இருக்கின்றன. டிஎன்ஏவை எடுத்துப் பார்த்தால் இரண்டு அல்லீல்களும் தனித்தனியாகத் தெரிகின்றன. கெட்ட பிரதியை நல்ல பிரதி அடக்கவில்லை. அரைப்பங்கு நொதியே அந்தப் பணிக்குப் போதுமானதாக இருந்தது, அவ்வளவுதான்.

அரைப்பங்கு போதாத இடங்களும் உண்டு. அந்தி மந்தாரையில் சிவப்புப் பூச் செடியையும் வெள்ளைப் பூச் செடியையும் கலந்தால் இளஞ்சிவப்புப் பூ வருகிறது. இதை முழுமைபெறாத ஓங்குத்தன்மை என்பார்கள். மனிதர்களில் இதற்கு மிகக் கடுமையான எடுத்துக்காட்டு, பரம்பரையாக வரும் உயர் கொலஸ்ட்ரால். ரத்தத்திலிருந்து கெட்ட கொலஸ்ட்ராலை அகற்றும் ஏற்பியின் மரபணுவில் ஒரு பிரதி பழுதானால், நடுவயதிலேயே மாரடைப்பு வரும் ஆபத்து இருக்கிறது. இரண்டும் பழுதானால் குழந்தைப் பருவத்திலேயே ரத்தக்குழாய்கள் அடைபடத் தொடங்கலாம். மருத்துவ நூல்கள் இதை ஓங்கு நோய் என்று எழுதினாலும், ஒத்த இணையும் கலப்பு இணையும் இங்கே ஒன்றல்ல. 'ஓங்கு' என்று முத்திரையிடப்பட்ட பல நோய்களின் நிலை இதுதான்.

ரத்த வகை: மூன்று அல்லீல்களும் ஒரு மறைப்பும்

கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901இல் ரத்த வகைகளை விவரித்தார். அவை ஒரே மரபணுவின் மூன்று அல்லீல்களால் தீர்மானிக்கப்படுகின்றன என்பதை 1924இல் பெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன் காட்டினார். ஒருவரிடம் இரண்டு பிரதிகளே இருக்க முடியும் என்றாலும், மக்களிடையே இரண்டுக்கும் மேற்பட்ட அல்லீல்கள் உலவலாம். இவையே பல்கூட்டு அல்லீல்கள்.

இவை செய்யும் வேலை எளிது. சிவப்பணுவின் மேற்பரப்பில் 'ஹெச்' என்ற அடிப்படைச் சர்க்கரைத் தொடர் இருக்கிறது. 'ஏ' அல்லீலின் நொதி அதன் நுனியில் ஒரு வகைச் சர்க்கரையைச் சேர்க்கிறது. 'பி' அல்லீலின் நொதி வேறொரு வகையைச் சேர்க்கிறது. 'ஓ' அல்லீலின் நொதி வேலை செய்வதில்லை என்பதால் 'ஹெச்' வெறுமனே நிற்கிறது. 'ஏ', 'பி' இரண்டும் உள்ளவரிடம் இரு சர்க்கரைகளும் ஒருங்கே காணப்படுகின்றன. எதுவும் எதையும் மறைக்கவில்லை, இரண்டும் கலந்து இடைப்பட்ட ஒன்றாகவும் ஆகவில்லை. இது இணை ஓங்குத்தன்மை.

இதுவரை பாடநூலில் உண்டு. விட்டுப்போவது, அந்த 'ஹெச்' தொடரே வேறொரு குரோமோசோமில் உள்ள தனி மரபணுவின் வேலை என்பது. ரத்த வகை மரபணு 9ஆம் குரோமோசோமில் இருக்கிறது. 'ஹெச்' மரபணு 19ஆம் குரோமோசோமில் இருக்கிறது. 'ஹெச்' மரபணுவின் இரு பிரதிகளும் பழுதாகிவிட்டால் அடிப்படைத் தொடரே உருவாகாது. 'ஏ' நொதியும் 'பி' நொதியும் முழுத் திறனோடு இருந்தாலும் சர்க்கரையைச் சேர்க்க இடம் இருக்காது. ஆணி அடிக்காத சுவரில் சட்டையை மாட்ட முடியாது.

இந்த நிலையை 1952இல் ஒய். எம். பெண்டேயும் அவருடன் பணியாற்றியவர்களும் பம்பாயில் கண்டறிந்து வெளியிட்டார்கள். பாம்பே ரத்த வகை என்ற பெயர் அப்படி வந்தது. உலகின் பிற பகுதிகளில் மிக அரிதான இது, இந்தியாவில் சுமார் 10,000 பேருக்கு ஒருவரிடம் இருப்பதாகப் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. ஒரு மரபணு இன்னொரு மரபணுவின் வெளிப்பாட்டை இப்படி மறைப்பதற்கு எபிஸ்டாசிஸ் என்று பெயர்.

முதலில் சொன்ன குடும்பத்துக்கு வருவோம்.

1. தந்தையிடம் 'ஏ' அல்லீல் இருக்கிறது. ஆனால் அவருடைய 'ஹெச்' மரபணுவின் இரு பிரதிகளும் பழுது. வழக்கமான பரிசோதனையில் அவருக்கு 'ஓ' என்றே முடிவு வரும்.

2. தாய்க்கு உண்மையான 'ஓ' வகை. அவருடைய 'ஹெச்' மரபணு நலமாக இருக்கிறது.

3. குழந்தைக்குத் தந்தையின் 'ஏ' அல்லீலும் தாயின் நல்ல 'ஹெச்' பிரதியும் கிடைக்கின்றன. அடிப்படைத் தொடர் உருவாகிறது, அதன்மேல் 'ஏ' சர்க்கரை சேர்கிறது. குழந்தைக்கு 'ஏ' வகை.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம். 'ஏபி' வகையினருக்கு 'ஓ' குழந்தை பிறக்காது என்பது விதி. பெற்றோர் இருவரும் பழுதான 'ஹெச்' பிரதியை ஒன்று வீதம் சுமந்தால், இரண்டையும் பெறும் குழந்தை ஆய்வகத்தில் 'ஓ' ஆகத் தெரியும். இன்னொரு வழியும் உண்டு: 'ஏ', 'பி' இரு சர்க்கரைகளையும் சேர்க்கவல்ல ஒரே அல்லீல் அரிதாகச் சிலரிடம், குறிப்பாகக் கிழக்கு ஆசியாவில், காணப்படுகிறது. அவர்கள் தங்கள் மற்றொரு பிரதியான 'ஓ'வைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியும்.

'இந்தக் குழந்தையின் தந்தை யார்?' என்று ரத்த வகையை வைத்துக் கேட்கும் தேர்வுக் கணக்குகள் இன்றும் உண்டு. அவற்றை நிறுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விதிவிலக்கைச் சொல்லாமல் விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் வளர்ந்து ஆய்வகச் சீட்டைக் கையில் எடுக்கும்போது, தண்டனை அனுபவிப்பது ஒரு பெண். தந்தைமையை உறுதிசெய்ய ரத்த வகை போதாது; டிஎன்ஏவின் பல இடங்களை ஒப்பிடும் பரிசோதனை அதற்கென்று இருக்கிறது.

உயிர் தொடர்பான விளைவும் உண்டு. பாம்பே வகையினரின் ரத்தத்தில் 'ஹெச்' தொடருக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கிறது. எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று சொல்லப்படும் 'ஓ' ரத்தத்தில்தான் 'ஹெச்' மிகுதி. அதை ஏற்றினால் சிவப்பணுக்கள் சிதைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்களுக்குப் பாம்பே வகை ரத்தம் மட்டுமே ஏற்றதாகும். பரிசோதனையில் 'ஓ' அணுக்களையும் சேர்த்துப் பொருத்தம் பார்த்தால் இது பிடிபட்டுவிடும்.

அரிவாள் செல்: ஒரே மாற்றத்துக்கு நான்கு பெயர்கள்

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தேசிய அரிவாள் செல் ரத்தசோகை ஒழிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துபோகும் பரம்பரை நோய் இது. 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதும், 2047க்குள் இந்நோயை ஒழிப்பதும் அதன் இலக்கு. பரிசோதனைக்குப் பின் கொடுக்கப்படும் அட்டை, ஒருவர் நோயாளியா, கடத்தியா (பழுதான பிரதி ஒன்று மட்டும் உள்ளவரா), இரண்டும் இல்லையா என்று சொல்கிறது. 'கடத்தி' என்ற சொல்லே பலருக்கு அச்சத்தைத் தருகிறது. தமிழ்நாட்டுக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு: இந்தியாவில் இந்த அல்லீல் முதன்முதலில் அறியப்பட்டது 1952இல், நீலகிரிப் பழங்குடிகளிடம்.

சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில், ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக வாலின் என்ற வேறொன்று வருகிறது. மாற்றம் இது ஒன்றே. கலப்பு இணை உள்ள ஒருவரை எப்படிப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து இதற்குப் பெயர் மாறுகிறது.

1. நோய் என்று பார்த்தால் ஒடுங்கு பண்பு. ஒரு பிரதி மட்டும் உள்ளவர் பொதுவாக நலமாக இருக்கிறார்.

2. சிவப்பணுவின் வடிவம் என்று பார்த்தால் முழுமைபெறாத ஓங்குத்தன்மை. ஆக்சிஜன் வெகுவாகக் குறையும் சூழலில் அவருடைய அணுக்களிலும் சில அரிவாளாக வளையலாம்.

3. புரதம் என்று பார்த்தால் இணை ஓங்குத்தன்மை. மின்புலத்தில் ஹீமோகுளோபினைப் பிரித்தால் இரண்டு வகையும் தனித்தனிப் பட்டைகளாகத் தெரிகின்றன. லைனஸ் பாலிங் குழு 1949இல் இதைக் காட்டியது.

4. மலேரியாவை எதிர்த்து நிற்பது என்று பார்த்தால் மிகை ஓங்குத்தன்மை. கலப்பு இணை இரண்டு ஒத்த இணைகளையும்விட மேலானது. 1954இல் ஆந்தனி அல்லிசன் ஆப்பிரிக்காவில் இதை நிறுவினார். மலேரியா நிலவிய நாடுகளில் இந்த அல்லீல் மறையாமல் நிலைத்ததற்கு இதுவே காரணம்.

கடத்திகள் இருவர் மணந்துகொண்டால், ஒவ்வொரு கருத்தரிப்பிலும் நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு. முதல் குழந்தைக்கு நோய் இருந்தால் அடுத்த மூன்று குழந்தைகளும் தப்பிவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. கணக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு முறையும் அது புதிதாகத் தொடங்குகிறது.

இன்னொன்றைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஒருவர் அரிவாள் செல் கடத்தி, மற்றவர் பீட்டா தலசீமியா (பீட்டா சங்கிலி போதிய அளவு உருவாகாத ரத்தசோகை) கடத்தி என்றால், 'இருவருக்கும் ஒரே குறை இல்லையே' என்று நிம்மதி கொள்ளக் கூடாது. இரண்டும் ஒரே மரபணுவின் வெவ்வேறு பழுதுகள். இரண்டையும் பெறும் குழந்தைக்கு அரிவாள் செல் நோயே வரும். துணைவருக்கு அரிவாள் செல் சோதனை மட்டும் செய்துவிட்டு முடிப்பது போதாது என்பதற்கு இதுவே காரணம்.

மகளுக்கு நோய் வராது என்பது பாதி உண்மை

ஹீமோபிலியாவில் ரத்தம் உறையத் தேவையான காரணிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணிடம் ஒரே எக்ஸ். அதில் பழுது இருந்தால் நோய். பெண்ணிடம் இரண்டு இருப்பதால் அவர் வெறும் கடத்தி என்பது பாடம்.

1961இல் மேரி லயான் முன்வைத்த கருத்து இந்தப் பாடத்தைத் திருத்துகிறது. பெண் கருவின் தொடக்க நாட்களில் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ்களில் ஒன்று செயலிழக்கிறது. எது என்பது செல்லுக்குச் செல் தற்செயலாக அமைகிறது. நல்ல பிரதி அதிகச் செல்களில் அணைந்துவிட்ட பெண்ணிடம் உறைகாரணி மிகவும் குறைந்திருக்கும். மாதவிடாயில் கட்டுக்கடங்காத உதிரப்போக்கு, பல் பிடுங்கினால் நிற்காத ரத்தம் என்று அவர்கள் துன்பப்படுகிறார்கள். 'கடத்திக்கு ஒன்றும் ஆகாது' என்ற ஒற்றை வாக்கியத்தால் அவர்கள் சொன்னது பல ஆண்டுகள் மருத்துவத்தின் காதில் விழவில்லை. 2021இல்தான் உறைகாரணி குறைந்த பெண்களையும் ஹீமோபிலியா உள்ளவர்கள் என்றே பதியும் வகைப்பாடு சர்வதேச அளவில் பரிந்துரைக்கப்பட்டது. பெண் என்பதற்காக உறைகாரணி அளவைச் சோதிக்காமல் விடுவதற்கு மரபியலில் எந்த நியாயமும் இல்லை.

ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேர்வுகளில் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இந்நோய் இருந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழுது புதிதாகத் தோன்றியிருக்கிறது. 'உங்கள் வம்சத்திலிருந்து வந்தது' என்ற பேச்சுக்கு அங்கே இடமே இல்லை.

யாரிடமிருந்து வந்தது என்பது முக்கியமாகும்போது

மெண்டலின் விதிகளில் ஓர் அல்லீல் தாயிடமிருந்து வந்தாலும் தந்தையிடமிருந்து வந்தாலும் ஒன்றுதான். இரண்டு இடங்களில் இது பொய்த்துப்போகிறது.

முதலாவது மைட்டோகாண்ட்ரியா. செல்லுக்குள் ஆற்றலை உருவாக்கும் இந்த உறுப்புக்கு 37 மரபணுக்கள் கொண்ட தனி டிஎன்ஏ இருக்கிறது. கருமுட்டையிலிருந்தே அது பிள்ளைக்குப் போகிறது. உட்கருவுக்கு வெளியே உள்ள மரபுப்பொருளும் பண்பைக் கடத்தும் என்பதை 1909இல் கார்ல் காரன்ஸ் அந்தி மந்தாரையிலேயே கண்டார்: இலையில் பச்சையும் வெளுப்பும் கலந்த செடிகளில், பிள்ளைச் செடியின் நிறம் தாய்க்கிளையின் நிறத்தை மட்டுமே பின்பற்றியது. அங்கே காரணம், இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகம் என்ற செல் உறுப்பு. மனிதர்களில், மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ பழுதால் வரும் பார்வை நரம்பு நோயைத் தாய் எல்லாப் பிள்ளைகளுக்கும் கடத்தலாம், தந்தை கடத்துவதில்லை. ஒரு செல்லில் நல்லதும் பழுதானதும் கலந்து இருக்க முடியும் என்பதால், ஒரே தாயின் பிள்ளைகளில் பாதிப்பு ஒருவருக்கு மிகுந்தும் ஒருவருக்குக் குறைந்தும் இருக்கலாம். வேறொரு பெண்ணின் நலமான மைட்டோகாண்ட்ரியாவைப் பயன்படுத்தும் முறைக்கு 2015இல் பிரிட்டன் சட்டம் இடம் கொடுத்தது. அம்முறையில் எட்டுக் குழந்தைகள் பிறந்ததாக 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்டபோது 'மூன்று பெற்றோர் குழந்தை' என்று செய்திகள் எழுதின. கொடையாளியிடமிருந்து வருவது அந்த 37 மரபணுக்கள் மட்டுமே. சுமார் 20,000 உட்கரு மரபணுக்களும் அந்தத் தாய் தந்தையுடையவை.

இரண்டாவது மரபணுப் பதிவு. சில மரபணுக்கள் எந்தப் பெற்றோரிடமிருந்து வந்தன என்ற வேதியியல் அடையாளத்தோடு வருகின்றன. அதைப் பொறுத்து ஒரு பிரதி அணைக்கப்பட்டிருக்கும். 15ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி தந்தையின் பிரதியில் இல்லாமல் போனால் பிராடர் வில்லி நோய்க்குறி வருகிறது: கைக்குழந்தையாகத் தசைத் தளர்ச்சி, பிறகு அடங்காத பசி. அதே பகுதி தாயின் பிரதியில் இல்லாமல் போனால் வருவது ஏஞ்சல்மேன் நோய்க்குறி: பேச்சு ஏறக்குறைய வராது, வலிப்பு வரும். இழந்த டிஎன்ஏ ஒன்றுதான், நோய்கள் இரண்டு.

உயரமும் நிறமும்

இங்கே ஓங்கு, ஒடுங்கு என்ற பேச்சே பொருந்தாது. 2022இல் சுமார் 54 லட்சம் பேரின் மரபுத் தரவுகளை ஆராய்ந்தபோது, உயரத்தோடு தொடர்புடைய 12,000க்கும் மேற்பட்ட மாறுபாடுகள் கிடைத்தன. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. ஊட்டச்சத்தும் நோயும் அதன்மேல் சேர்கின்றன. இவ்வளவும் சேர்ந்தும், ஐரோப்பிய வம்சாவளியினரிடையே உள்ள உயர வேறுபாட்டில் ஏறத்தாழ 40 விழுக்காட்டையே விளக்க முடிந்தது. பிற மக்களிடம் இன்னும் குறைவு. தோல் நிறத்திலும் பல மரபணுக்கள் சேர்ந்து செயல்படுவதால், பிள்ளை பெற்றோர் இருவரையும்விடக் கறுப்பாகவோ வெளுப்பாகவோ பிறப்பது இயல்பு. அதற்கு விளக்கம் கேட்டு ஒரு தாயை நிறுத்திவைப்பது கொடுமை.

சொந்தத் திருமணம் எதை மாற்றுகிறது, எதை மாற்றுவதில்லை

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு நேரடிப் பயன் உண்டு. தாய்மாமனை மணந்தால், பொது முன்னோரிடமிருந்து வந்த ஒரே அல்லீலின் இரு பிரதிகளைப் பிள்ளை ஒரு மரபணுவில் பெறும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அத்தை மகன், மாமன் மகள் உறவில் பதினாறில் ஒன்று. இரண்டு பிரதிகளும் பழுதானால் மட்டுமே வரும் நோய்களுக்கு இது பெரிய ஆபத்து. பாம்பே ரத்த வகையும் இப்படிப்பட்ட குடும்பங்களில் கூடுதலாகத் தோன்றும்.

புதிதாகத் தோன்றும் பழுதுகளையும், மைட்டோகாண்ட்ரிய நோய்களையும், ஒரு பிரதியே போதுமான நோய்களையும் சொந்தத் திருமணம் கூட்டுவதில்லை. ஆகவே 'அந்நியத்தில்தானே கட்டினோம், பரம்பரை நோய் எப்படி வரும்?' என்ற கேள்விக்கும் அடிப்படை இல்லை.

மரபியல் ஆலோசகரிடம் போகிறவர்கள் மூன்று தலைமுறைகளைக் காட்டும் குடும்ப மர வரைபடத்தைக் கையோடு கொண்டுபோவது நல்லது. அதில் இவை இருக்கட்டும்:

1. நோய் தாய்வழியில் உள்ளதா, தந்தைவழியில் உள்ளதா, எத்தனை வயதில் தொடங்கியது.

2. கருச்சிதைவுகள், சிறு வயது மரணங்கள், உறவுக்குள் நடந்த திருமணங்கள்.

3. 'கடத்தி மட்டும்' என்று ஒதுக்கப்பட்ட பெண்களுக்கு இருந்த உதிரப்போக்கு உள்ளிட்ட தொல்லைகள்.

4. ரத்தம் ஏற்றியபோது யாருக்காவது பொருத்தம் கிடைக்காமல் போனதா என்பது.